பெயர் கொடுத்தவர்கள்: அயலாட்சிக் காலத்துச் சிறுநகர்த் தமிழ் இதழ்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதழியல் வரலாறு பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். தமிழ் இதழியல் வரலாறு என்றாலே நம் நினைவு நேரே சென்னைக்கு ஓடிவிடுகிறது. 1882இல் வார இதழாகத் தோன்றி 1899இல் நாளிதழான சுதேசமித்திரன், அதன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், பின்னர் திரு.வி.க., கல்கி என்று நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. அவ்வரிசையில் பிழையில்லை. ஆயினும் சேலம், கோயமுத்தூர், ஈரோடு, காரைக்குடி, அருப்புக்கோட்டை, சேரன்மகாதேவி போன்ற ஊர்களிலிருந்தும் இதழ்கள் வந்தன. ஓர் அச்சு எந்திரம், நான்கைந்து பெட்டி எழுத்துகள், நானூறோ ஐந்நூறோ சந்தாதாரர்கள் இருந்தால் போதும், நாடு முழுவதையும் நோக்கிப் பேசலாம் என்று நம்பிய மனிதர்கள் அவ்வூர்களில் இருந்தார்கள். இன்று அவர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன். அவர்களிலும் ஆசிரியர்களைக் காட்டிலும், ஆசிரியருக்குப் பின்னால் தம் பெயரைக் கொடுத்து நின்றவர்களைப் பற்றி.

பெயரைக் கொடுப்பது என்றால் என்ன? பழைய இதழ் எதையேனும் எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். இன்னாரால், இன்ன அச்சகத்தில் அச்சிடப்பட்டு, இன்னாரால் வெளியிடப்பெற்றது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் கட்டாயப்படுத்திய வரி அது. அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன் நின்று, இதற்கு நான் பொறுப்பு என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். விடுதலைக்குப் பிறகும் அச்சட்டம் நீடித்தது. 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த பின்னரே அது விலகியது. நம் முன்னோர் கண்ட நிலவுடைமைச் சட்டங்கள் எத்தனையோ மாறிவிட்டன. அந்த ஒரு வரி மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் நின்றது. 1870இல் அரசத்துரோகப் பிரிவு தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு அந்த வரியில் பெயரை எழுதுவது சிறைவாயிலின் பதிவேட்டில் முன்கூட்டியே பெயரை எழுதிவைப்பதற்குச் சமமாயிற்று.

இதில் ஒரு விந்தை நிகழ்ந்தது. எழுதுகிறவர் ஒருவர், பெயர் கொடுப்பவர் வேறொருவர் என்று ஆயிற்று. பாரதியார் சென்னையில் நடத்திய 'இந்தியா' வார இதழின் கதை இவ்வவைக்குப் புதிதன்று. 1906இல் தொடங்கிய அவ்விதழின் நெருப்பு அனைத்தும் பாரதியாருடையது என்பதை அரசும் அறியும். ஆனால் பதிவேட்டில் ஆசிரியர் என்று இருந்த பெயர் மு. சீனிவாசன் என்பவருடையது. 1908 ஆகஸ்டில் அடக்குமுறை இறங்கியபோது கைதானவர் அவர். ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவரும் அவரே. பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் பின்தொடர்ந்தது, 1908 அக்டோபர் முதல் பிரெஞ்சு எல்லைக்குள்ளிருந்து வந்தது, பிரித்தானிய இந்தியாவுக்குள் நுழைய முடியாதபடி வழி அடைக்கப்பட, 1910 மார்ச்சில் நின்றது. புதுச்சேரி வாழ்க்கையைப் பற்றி நமக்கு நூல்கள் நிறைய உள்ளன. ஐந்தாண்டுத் தண்டனை பெற்ற சீனிவாசனைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுதியவர்கள் மிகச் சிலர். பாரதியாரைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. அவர் சிறை புகுந்திருந்தால் 'குயில் பாட்'டும் 'பாஞ்சாலி சபத'மும் நமக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்பவர்களின் நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த நியாயத்திற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முழு வரலாறு.

அதே 1908 ஆகஸ்டில்தான் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கைதானார். எங்கே தெரியுமா? உடல்நலம் நாடி அவர் வந்து தங்கியிருந்த நம் குற்றாலத்தில்தான். சாரலுக்கு வந்த பெரியவர்களின் பட்டியலை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். அருவிக்கரையிலிருந்து காவலோடு சென்ற இதழாசிரியரையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் 'பெயர் கொடுக்கும் ஆசிரியர்' தமிழ்நாட்டுக்கே உரிய விந்தையோ என்று முதலில் எண்ணியிருந்தேன். அயல்நாட்டு இதழியல் வரலாறுகளைப் படிக்கையில்தான் அது உலகம் அறிந்த உத்தி என்று தெரிந்தது. பிஸ்மார்க் காலத்து ஜெர்மனியில் இத்தகையவருக்குத் தனிப்பெயரே உண்டு. தமிழில் சொன்னால் 'உட்காரும் ஆசிரியர்'. அதாவது சிறையில் போய் உட்காருவதற்கென்று பெயர் கொடுத்தவர்! அந்த ஜெர்மன் ஆட்சியின்கீழ் வாழ்ந்த போலிஷ் மொழிச் சிறுநகர் இதழ்களின் வரலாறு நம் வரலாற்றோடு வைத்துப் பார்க்கத்தக்கது. போலந்து நாடு 1795இல் மூன்று பேரரசுகளால் முழுமையாகக் கூறுபோடப்பட்டு நிலப்படத்திலிருந்தே மறைந்தது. 1918இல்தான் மீண்டும் நாடாயிற்று. பிரஷ்யாவின் பிடியிலிருந்த பகுதியில் 1870களுக்குப் பிறகு பள்ளிக்கூடங்களிலிருந்து போலிஷ் மொழி படிப்படியாக விலக்கப்பட்டது. பிள்ளைகளுக்குத் தாய்மொழி எழுத்தைக் கற்பிக்கும் வேலை செய்தித்தாளின் தலையில் வந்து விழுந்தது. குருஜோன்ஸ் என்னும் சிறுநகரில் விக்டர் குலெர்ஸ்கி 1894இல் தொடங்கிய இதழ், உழவர் வீட்டுப் பேச்சுமொழியில் எழுதி, முதல் உலகப் போருக்கு முன்னரே நூறாயிரம் படிகளைத் தாண்டி விற்றது. தலைநகரத்து இதழ்களுக்குக் கிட்டாத வாசகர் கூட்டம் அது.

இன்னொன்று ஓல்ஷ்டின் நகரத்து இதழ். 1886இல் யான் லிஷெவ்ஸ்கி தொடங்கினார். பின்பு பியெனியென்ஷ்னி என்னும் குடும்பத்தின் கைக்கு வந்தது. குடும்பத் தலைவர் இறந்ததும் அவர் மனைவி யோவன்னா பொறுப்பை ஏற்றார். போலந்து விடுதலை பெற்ற பின்னும் ஓல்ஷ்டின் ஜெர்மனியோடே நின்றதால், அவ்விதழுக்கு மட்டும் 1918இல் விடியவில்லை. 1939 வரை அயலாட்சிக்குள்ளேயே அது வெளிவந்தது. போர் தொடங்கியதும் அதன் ஆசிரியரான மகன் செவரின் கைதாகி, 1940 பிப்ரவரியில் முகாமில் கொல்லப்பட்டார். இதழ் நடந்த வீட்டையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பின்னாளில் அவ்வீடு பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு அருங்காட்சியகமாக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிறுநகர்ச் செய்தித்தாளின் வீட்டை இடிக்கும் அளவுக்கு ஒரு பேரரசு அதை அஞ்சியது என்பதையும், பின்வந்தவர்கள் அதைத் திரும்பக் கட்டும் அளவுக்கு மதித்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நிலை அவர்களிடமிருந்து ஓரிடத்தில் மாறுபடுகிறது. ஆங்கிலேயர் தமிழைத் தடை செய்யவில்லை. தமிழ் படித்தால் உத்தியோகம் இல்லை என்ற நிலையை உண்டாக்கினார்கள், அவ்வளவே. தடை செய்யப்பட்ட மொழிக்காகத் தாய்மார்கள் போராடுவார்கள். பயனற்றதாக்கப்பட்ட மொழியைத் தாய்மார்களே பிள்ளைகளிடமிருந்து விலக்குவார்கள். ஆகவே நம் சிறுநகர் இதழாசிரியர் இரண்டு முனைகளில் நிற்கவேண்டியிருந்தது. ஒருபுறம் அரசு, மறுபுறம், தமிழில் செய்தித்தாளா என்று புருவம் உயர்த்திய படித்தவர் கூட்டம்.

தொடக்கக் காலத்தை விரைந்து கடந்துவிடுகிறேன். 1841 சனவரியில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகளின் அச்சகத்திலிருந்து 'உதயதாரகை' எழுந்தது. ஹென்றி மார்ட்டின், செத் பேசன் என்னும் கிறித்தவப் பெயர் தாங்கிய தமிழர் இருவரே அதன் ஆசிரியர்கள். நம் பாளையங்கோட்டையிலும் திருச்சபையின் அச்சகம் இருந்தது. இவை அயலாட்சியை எதிர்க்கப் பிறந்தவை அல்ல. ஆனால் இதழ் என்பது தமிழில் இயலும் என்று காட்டியவை. 1870களின் இறுதி முதல் சே. ப. நரசிம்மலு நாயுடு சேலத்திலும் கோயமுத்தூரிலும் இதழ்கள் நடத்தினார். அவர் இதழ்களின் பெயர்களில் 'அபிமானி' என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அக்காலத்து இதழ்ப் பெயர்களையே ஒரு கவிஞர் ஆராயலாம். மித்திரன், நேசன், அபிமானி, தூதன், ஊழியன் என அத்தனையும் உறவுப்பெயர்கள், ஆட்பெயர்கள். செய்தித்தாள் என்பது வாசல்படியேறி வரும் ஒரு மனிதன் என்றே நம்மவர்கள் நினைத்தார்கள். பேர் சொல்லி அழைக்கத்தக்க ஒருவனாக இருந்தால்தானே திண்ணையில் இடம் கொடுப்பார்கள்!

திண்ணை என்றதும் நம் வட்டாரத்துக்கு வருகிறேன். 1902க்கும் 1904க்கும் இடையில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை இருப்புப்பாதை அமைந்தது. அந்த ரயில்தான் நம் ஊர்களுக்குச் சென்னை இதழைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒருவர் சந்தா கட்ட, கடைத்திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர் கேட்டார்கள். இதழின் சந்தாக் கணக்கை வைத்து அதன் வாசகரை எண்ணுவது ஆகாது என்று என் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. ஆனால் அரசு அப்படி எண்ணவில்லை. அதற்குச் சந்தாதாரர் பெயர் ஒன்று போதும். தபால் கட்டின் மேலுறையில் எழுதியிருக்கும் முகவரியே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசிப் பக்கத்தில் பெயர் கொடுத்தவருக்கு அடுத்தபடி, மேலுறையில் பெயர் கொடுத்தவரையும் நாம் எண்ணியாக வேண்டும்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே அன்று இரண்டு அரசுகள் இருந்தன என்பதை இளைய தலைமுறையினர் மறந்துபோயிருக்கலாம். தென்காசி சென்னை மாகாணம். செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை மலையாள நாட்டோடு இருந்த ஊர். விடுதலைக்கு முன் திருவிதாங்கூர் மன்னராட்சி. ஓர் அரசின் சட்டம் கைவிடுகிற இடத்தில் மற்றோர் அரசின் சட்டம் பிடித்துக்கொண்டது. திருவிதாங்கூர் திவானை விமரிசித்த 'சுதேசாபிமானி' என்னும் மலையாள இதழைப் பாருங்கள். 1905இல் அஞ்சுதெங்கு என்னும் சிறிய கடலோர ஊரில் பிறந்த இதழ் அது. 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையைக் காவலோடு கொண்டுவந்து நாடு கடத்தினார்கள். எங்கே கொண்டுவந்து விட்டார்கள்? திருநெல்வேலியில்! ஆசிரியரின் துணிவை மலையாளிகள் போற்றுகிறார்கள். உடைமையாளர் வக்கம் அப்துல்காதர் மௌலவியையும் சேர்த்தே போற்றுகிறார்கள். எழுதியவரைத் தடுக்காமல் அச்சகத்தையே இழந்தவர் அவர். பெயர் கொடுத்தவரை மறவாத பண்பு அது.

1911 சூன் 17 அன்று மணியாச்சியில் செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்ட நிகழ்ச்சிக்குப் பிறகு, நம் வட்டாரத்தில் துண்டறிக்கை வைத்திருப்பதே குற்றமாகிவிட்டது. அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் தென்காசி மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை. அவர் சிறைப்பட்டதால் படிப்பை விட்டுக் கடையைக் கவனிக்க நேர்ந்த தம்பியின் பெயர் சொக்கலிங்கம். 1899இல் தென்காசியில் பிறந்த அந்தச் சிறுவர்தாம் பின்னாளில் டி. எஸ். சொக்கலிங்கம் என்று தமிழ் இதழுலகம் அறிந்த பேராசிரியர். பேராசிரியர் என்று தெரிந்தேதான் சொன்னேன். தமிழ் உரைநடைக்கு அவர் வகுப்பெடுத்தார். பல்லாண்டுகள் தமிழ் கற்பித்துப் பிழைக்கும் என்னைப் போன்றோர் அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அவர் இதழ்த்தொழில் பயின்ற இடமும் சிறுநகர் இதழ்தான். சேலத்தில் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தொடங்கிய 'தமிழ்நாடு' அது. அதில் எழுதியவற்றுக்காக நாயுடு சிறை சென்றவர். அங்கே பழகிய கை பின்பு சென்னையில் 'காந்தி' என்னும் காலணா இதழை நடத்திற்று. 1933இல் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா. ஆகியோரோடு 'மணிக்கொடி'யை ஏற்றிற்று; 1934 செப்டம்பர் 11, பாரதியார் நினைவுநாளில், 'தினமணி'யின் முதல் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தது. 1937இல் தென்காசித் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்கும் சென்றார். பண்டிதர்கள் முகஞ்சுளிக்க, கடைக்காரரும் கட்டை வண்டிக்காரரும் படிக்கும்படியான நடையை நாளிதழுக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னவர். அந்த நடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தென்காசிக் கடையில் எடை போட்டுக்கொண்டு பேசிய பேச்சிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. ஆய்வேட்டில் இப்படி எழுதினால் தேர்வாளர் சான்று கேட்பார். மேடையில் சொல்ல உங்கள் அனுமதி போதும்.

காலணா இதழ் என்றேனே, அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அரசு இதழ்களை அடக்கச் சிறையைவிடக் கூரிய கருவி ஒன்றைக் கண்டுபிடித்தது: ஜாமீன் தொகை. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை முன்பணம் கட்டவேண்டும். எழுதியது பிடிக்கவில்லையென்றால் அத்தொகை அரசுக்குச் சேர்ந்துவிடும். மீண்டும் தொடங்க 1,000 முதல் 10,000 வரை. மறுபடியும் தவறினால் எந்திரமே பறிபோகும். அச்சட்டம் 1922இல் நீக்கப்பட்டது. ஆனால் 1931இன் அவசரகாலச் சட்டமாக அதே கருவி திரும்பி வந்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஐந்நூறு ரூபாய் என்பது 32,000 காலணா. முப்பத்திரண்டாயிரம் படிகள் விற்று, காகிதக்காரருக்கும் அச்சுக்கோப்பவருக்கும் ஒரு காசும் கொடாமல் இருந்தால்தான் ஒருமுறை ஜாமீன் கட்ட முடியும். சென்னையில் விளம்பரம் உள்ள நாளிதழ் இதைத் தாங்கலாம். சிறுநகரில் என்ன ஆகும்? மனைவியின் நகை போகும், நிலம் போகும், அல்லது இதழ் போகும். சிறைத்தண்டனை ஒருவரைத் தியாகியாக்கும். ஜாமீன் தொகை அவரைக் கடன்காரராக்கும். கடன்காரருக்கு யார் மாலை போடுகிறார்கள்?

ஈரோட்டில் 1925 மே மாதம் தொடங்கிய 'குடி அரசு' இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. சிறுநகர் ஒன்றிலிருந்து வந்து மாகாணம் முழுவதையும் சண்டைக்கிழுத்த வார இதழ் அது. அதன் கொள்கைகளில் இந்த அவையில் உடன்படுவோரும் மாறுபடுவோரும் இருப்பீர்கள். நான் இங்கே அதன் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1933 அக்டோபரில் அன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழியவேண்டும் என்று கேட்டு அது ஒரு தலையங்கம் எழுதியது. அதற்காக அவ்வாண்டு டிசம்பரில் கைதானவர்கள் இருவர். ஒருவர் ஆசிரியர் பெரியார். மற்றவர் வெளியிடுபவராகப் பெயர் கொடுத்திருந்த அவர் தங்கை எஸ். ஆர். கண்ணம்மாள். இருவரும் தண்டிக்கப்பட்டார்கள்.

கண்ணம்மாள் என்றால் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரோடு நின்றவர் என்பது நம் பாடநூல் அளவு. ஓர் அரசியல் தலையங்கத்துக்காகச் சிறை சென்ற பெண் என்று எத்தனை பேர் கற்பிக்கிறோம்? தமையனுக்காகப் போனார் என்று சுருக்கிச் சொல்வோரை நான் கேட்டிருக்கிறேன். சீனிவாசன் முதலாளிக்காகப் போனார், கண்ணம்மாள் தமையனுக்காகப் போனார் என்று சொல்லிவிட்டால் கணக்கு எளிதாக முடிந்துவிடுகிறது. ஆனால் மாஜிஸ்திரேட் முன் கையொப்பமிடும்போது உறவு உடன்வருவதில்லை; அவரவர் பெயரை அவரவரே எழுதவேண்டும். 'குடி அரசு' நின்றது; அதே ஊரிலிருந்து 1933 நவம்பரிலேயே 'புரட்சி' எழுந்தது; அதுவும் நிற்க, 1934இல் 'பகுத்தறிவு' வந்தது. பெயர் மாறிக்கொண்டே இருந்தது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த கைகள் மாறவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். சிறுநகர் இதழ்கள் எல்லாமே வீரக்கதைகள் அல்ல. ஆளுநர் வருகைக்கு வாழ்த்துப்பா பாடியவை உண்டு. ஊர்ப்பெரியவரின் வீட்டுத் திருமணத்தை நான்கு பக்கம் எழுதியவை உண்டு. பெரும்பாலானவை ஓராண்டு காணவில்லை. இன்னும் பல, சாதி இதழ்கள். 1919 முதல் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த 'நாடார் குல மித்திரன்', காரைக்குடியில் தனவைசியர் சங்கத்தின் குரலாகப் பிறந்து பின்னர் 'ஊழியன்' என்றே ஆன இதழ் போன்றவற்றை இதழியல் வரலாற்றாசிரியர்கள் சிலர் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. கோயிலிலும் பள்ளியிலும் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு அயலாட்சி என்பது லண்டனில் மட்டும் இருக்கவில்லை, தெருமுனையிலும் இருந்தது. தம் மக்களுக்கு எழுத்தைக் கொண்டுபோக அவர்களுக்குக் கிடைத்த வண்டி அது. 'ஊழியன்' ராய. சொக்கலிங்கம் போன்ற ஒரு கம்பன் அன்பரின் கையில் வளர்ந்து, சிலகாலம் நம் திருநெல்வேலிப் புதுமைப்பித்தனுக்கும் வேலை கொடுத்தது என்பதையும் நினைவிற்கொண்டால், சாதி இதழ் என்ற ஒரு சொல்லால் எதையும் மூடிவிட முடியாது என்பது விளங்கும்.

மீண்டும் நம் மலையடிவாரம். சேரன்மகாதேவி குருகுலத்திலிருந்து வ.வே.சு. ஐயர் 1924இல் 'பாலபாரதி'யை வெளியிட்டார். அதற்குமுன் 'தேசபக்தன்' தலையங்கம் ஒன்றிற்காகப் பெல்லாரிச் சிறையில் இருந்து, அங்கேயே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். குருகுலத்தில் எழுந்த சமபந்திச் சிக்கல் நாடறிந்தது. அதில் ஐயரை நான் முழுதும் காக்க விரும்பவில்லை. 1925 சூனில் பாபநாசம் கல்யாணதீர்த்தத்தில் அவர் உயிர் நீங்கியபின் இதழைத் தாங்க ஆளில்லை. ஒருவர் தோளில் மட்டும் நிற்கும் இதழுக்கு அதுவே விதி.

அதைவிட நம் மனத்தை உறுத்தவேண்டியது கடையத்துக் கதை. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூர் எல்லையில் கைதாகி, மூன்று வாரங்களுக்குப் பின் நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டார். திருநெல்வேலி மாவட்டத்தில் தங்கவேண்டும். எழுதுவதைப் போலீஸ் அதிகாரி பார்த்து அனுமதித்த பிறகே வெளியிடவேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். செல்லம்மாளின் ஊரான கடையத்தில், தென்காசியிலிருந்து ரயிலில் சிறிது நேரத்தில் போய்ச் சேரும் தொலைவில், இரண்டாண்டு வாழ்ந்தார். 1920இல் அங்கிருந்து ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் நூல்களை நாற்பது பகுதிகளாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிடப் போவதாகவும், அன்பர்கள் கடனாகப் பணம் தந்தால் வட்டியோடு திருப்பித் தருவதாகவும் அதில் கணக்கிட்டுக் கேட்டிருந்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு விலைபோகும் என்பது அவர் நம்பிக்கை. திட்டம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு இறுதியில் மீண்டும் சுதேசமித்திரன் வேலைக்குச் சென்னை சென்றார். மறு ஆண்டு செப்டம்பரில் மறைந்தார்.

தணிக்கை நிபந்தனையைப் பற்றி நாம் சினத்தோடு பேசுகிறோம். சுற்றறிக்கையைப் பற்றிப் பேசும்போது மட்டும், பாவம், உலகியல் தெரியாத கவிஞர் என்று புன்னகை செய்துவிட்டுப் போகிறோம். உலகியல் தெரியாதவரா வட்டி விகிதம் எழுதுவார்? பல ஆண்டு இதழ்த்தொழிலில் சந்தா, பாக்கி, காகித விலை எல்லாம் பார்த்துப் பழகியவர் அவர். அங்கே இல்லாமற்போனது கவிஞரின் உலகியல் அன்று. நம் ஊர்களின் கையொப்பம். அரசு கேட்டது போலீஸ் அனுமதி. கவிஞர் கேட்டது நம்மிடம் நூறு நூறு ரூபாய். முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதிலிருந்து தப்பித்துக்கொண்டோம் என்று நான் சொன்னால் கடுமையாக இருக்கும். ஆனால் கடையம் இங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இனி, எஞ்சியிருப்பவை எவை? இந்த இதழ்களில் பெரும்பாலானவற்றின் முழுத் தொகுதி எங்கும் இல்லை. ஆய்வு செய்யப் போகிறவர் கடைசியில் சென்று சேரும் இடம் எழும்பூர் ஆவணக் காப்பகம். சென்னை மாகாணத்து நாட்டுமொழி இதழ்களை அரசு மொழிபெயர்ப்பாளர்கள் வாரந்தோறும் படித்து, ஐயத்திற்குரிய பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகள் அங்கே உள்ளன. பெயரே நாம் கேட்டிராத இதழ்கள் அவற்றில் ஒரு பத்தியாக, இரண்டு வரியாக வாழ்கின்றன. தமிழில் எழுதியது அழிந்து, அதைக் குற்றமாகக் கருதியவனின் ஆங்கிலக் குறிப்பு மட்டும் இருக்கிறது. அதிலிருந்து மூலத் தமிழை ஊகிக்கும் வேலை, சிலைக்குப் பதில் அதன் நிழலை அளப்பது போன்றது. அக்காலத்து இதழ்களைத் தவறாமல் படித்து, வரிசை குலையாமல் பாதுகாத்த ஒரே வாசகர் அரசாங்கமே என்று எண்ணும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் வாழ்நாள் முழுவதும் திரட்டிய பல்லாயிரம் நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு, இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக விளங்குகின்றன. புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. இரண்டும் தனிமனிதர்களின் பித்தினால் பிறந்தவை என்பதையும், இரண்டும் சென்னைக்கு வெளியே தொடங்கியவை என்பதையும் கவனியுங்கள். 2019இல் தனி மாவட்டமாகிவிட்ட தென்காசியில் அப்படி ஒன்று இன்னும் இல்லை. ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து மறைந்த குற்றாலத்தில் கவிதைக்கு வட்டம் கூடுகிறது; அக்கவிதைகள் முதன்முதலாக அச்சேறிய தாள்களுக்கு ஓர் அலமாரி இல்லை.

ஆகவே இவ்வட்டத்திடம் ஒரு சிறு விண்ணப்பம். பழைய வீடுகளை இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பரணிலிருந்து இறங்கும் கட்டுகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை நமக்குக் காட்டச் சொல்லுங்கள். கிடைத்தவற்றைக் கட்டடம் செய்யக் கொடுக்கும்போது கட்டடக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அவர்கள் வழக்கமாக மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் கழித்துவிட்டு நடுப்பக்கங்களை மட்டும் சேர்த்துத் தைப்பார்கள். கழித்தெறியும் அந்தத் தாள்களில்தான் அச்சிட்டவர் பெயரும், வெளியிட்டவர் பெயரும், சந்தா செலுத்தியோர் பட்டியலும் இருக்கின்றன. மேலுறை ஒட்டியபடியே கிடைத்தால் முகவரிச் சீட்டைப் பிரிக்க வேண்டாம். அப்படியே என்னிடம் கொடுங்கள்.